அட்வான்ஸில் கழித்துக்கொள் என்று சொன்னவன் எழுதுவது

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. காலையில்தான் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தேன். நலமாகத்தான் இருக்கிறாய், முடிதான் வெட்டிக்கொள்ள வேண்டும். மருமகள் மெர்சியும் பேத்தி ஜெனியும் நாளை மறுநாள் விமானம் ஏறுகிறார்கள். கூடத்தின் நடுவில் பெட்டி திறந்து கிடக்கிறது. உன் அம்மா அதில் ஒரு பொட்டலம் வைக்கிறாள்; மெர்சி எடைக்குப் பயந்து அதை எடுத்து வெளியே வைக்கிறாள்; மெர்சி அந்தப் பக்கம் போனதும் அம்மா மறுபடி உள்ளே வைக்கிறாள். மிளகாய்த்தூளுக்கே இத்தனை போராட்டம் என்றால் என் பேச்சுக்கு எங்கே இடம்? அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதம் எடை ஏறாது. போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் நீ "சரி நைனா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். இதை அப்படி வைக்க முடியாது. வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அவன் எந்த வீட்டில் படுத்துத் தூங்குகிறான் என்று யோசித்துக்கொண்டிருக்கிற எந்தத் தகப்பனும் படிக்கட்டும்.

என் தொழில் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நான் காஞ்சிபுரத்தில் வீட்டு புரோக்கர். ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. ஒரு டி.வி.எஸ். வண்டியும் ஒரு போனும்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓரிக்கை வரைக்கும் எந்த வீட்டில் உப்புத் தண்ணீர், எந்த மாடியில் மழைக்கு ஒழுகும், எந்த வீட்டுக்காரர் விருந்தாளி வந்தால் மோட்டார் சுவிட்சை அணைப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பட்டுக்கடைகளில் வேலைக்கு வருகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று எத்தனையோ பேரைக் குடிவைத்திருக்கிறேன். எல்லோருக்கும் கடைசியில் ஒரு ரகசியம் சொல்வேன். காலி பண்ணப் போகிறாய் என்றால் கடைசி சில மாதம் வாடகை கொடுக்காதே, அட்வான்ஸில் கழித்துக்கொள். ஏனென்றால் வாடகை கொடுத்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், சுவரில் ஆணி அடித்தாய், சுண்ணாம்பு போனது, குழாய் உடைந்தது என்று வீட்டுக்காரர் ஒரு ராமாயணம் பாடுவார். இந்த ஊரில் இது எழுதாத சட்டம். வீட்டுக்காரருக்கும் தெரியும், குடியிருப்பவருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதுகூட இல்லை. இந்த எழுதாத சட்டம்தான் உன் குடும்பத்தை விமானம் ஏறவிடாமல் செய்யப் பார்த்தது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நம் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா வயிற்றில் நீ இருந்தபோது முசரவாக்கத்தை விட்டு டவுனுக்கு வந்தோம். ஊரில் நம் ஆட்களுக்கு அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும்தான் பிழைப்பு. நான் ஒரு பட்டுக்கடையில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கையில் அட்வான்ஸ் பணம் இருந்தது, வாடகை கொடுக்கச் சம்பளம் இருந்தது, வீடுதான் இல்லை. அதாவது வீடுகள் இருந்தன, நமக்கு இல்லை. ஒவ்வொரு வாசலிலும் எல்லாம் பேசி முடிந்த பிறகு அந்தக் கேள்வி வரும். "நீங்க இன்னா ஆளுங்க?" சிலர் நேராகக் கேட்பார்கள். சிலர் நாசூக்காக, "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். சிலர், "அப்பா பேர் இன்னா?" என்பார்கள். பேரைச் சொன்னால் சர்ச்சுக்குப் போகிறவர்களா என்பார்கள், சர்ச் என்றால் அதற்கு முன்னால் என்ன என்பார்கள். பதில் சொன்னதும் பார்த்தால், அந்த வீட்டுக்கு நேற்றே யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டிருப்பார்கள். உன் அம்மா வெயிலில் நின்று கால் வீங்கிப்போனாள். எனக்கு வந்த கோபத்தில் வேண்டாம் இந்த ஊர் என்று திரும்பிவிட இருந்தேன்.

கடைசியாகப் போனது சரோஜம்மா வீடு. கீழே இரண்டு தறி, மாடியில் ஒரு கூடமும் சமையலறையும். தெலுங்கு பேசுகிற நெசவுக்காரக் குடும்பம். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். நான் சுற்றிவளைக்கவில்லை. பட்டென்று உடைத்துச் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் படியிறங்கினேன். பின்னாலிருந்து, "ஏம்பா, நில்லு. தறிச் சத்தம் நாள் பூரா கேக்கும். கொழந்த தூங்காது. அதுக்குத்தான் இந்த மாடில எவனும் நிக்க மாட்டேங்கறான். உனக்குப் பரவால்லியா?" என்றார். உன் அம்மா எனக்கு முந்திக்கொண்டு, "எங்க கொழந்த தூங்கும்மா" என்றாள். பிறக்காத உனக்கு அவள் போட்ட ஜாமீன் அது. சரோஜம்மா ஒன்றும் தேவதை இல்லை. முதல் வருஷம் நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட அவர் குடித்ததில்லை. இதை எழுதாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அவருடைய சொந்தக்காரர்கள் வந்து சத்தம் போட்டபோது, "வாடகைய நீ குடுக்கறியா?" என்று கேட்டு அனுப்பினார், அவ்வளவுதான். ஆனால் நீ பிறந்து, அந்தத் தறிச் சத்தத்திலேயே கண் மூடினாய். கரண்டு இல்லாத நாளைவிட தறி ஓடாத நாளில்தான் நீ அதிகம் அழுதாய். சாயங்காலம் தறி நின்றதும் உன் அழுகை ஆரம்பிக்கும். சரோஜம்மா கீழேயிருந்து "தேவுடா, இவனுக்கோசரம் ராத்திரியும் நெய்யணுமா?" என்று கத்துவார். அப்படித்தான் ஒருநாள் உன்னைத் தூக்கிக்கொள்ள மேலே வந்தவர், நம் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார்.

வீடு தேடி அலைந்ததில் ஊரில் உள்ள வீடெல்லாம் எனக்குத் தெரிந்துபோய், அதுவே தொழிலாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தன் வீட்டை எனக்குத் தரமாட்டார், ஆனால் அதை வாடகைக்கு விட்டுத் தரும் வேலையை மட்டும் எனக்குத் தருவார், அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் நிறைய. "நம்ம ஆளுங்களா பாத்துக் கூட்டிக்கினு வாப்பா" என்று என்னிடமே சொல்வார்கள். நான் தலையாட்டிவிட்டு, கமிஷனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். உன் படிப்பு அந்தக் கமிஷனில் நடந்தது. அதனால் ஒரு வீட்டை வாடகைக்குக் கொடுப்பது என்றால் கடைசியில் அந்தக் கேள்வி வந்தே தீரும் என்று என் மனதில் ஊறிவிட்டது.

நீ நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழியைப் படித்து, ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாய். முதலில் நீ எடுத்தது ஒரே ஓர் அறை. ஒரு வயசான அம்மாவின் வீட்டில், ஒரு ஆள் மட்டும் தங்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய அறை. மூன்று மாத வாடகையை டெபாசிட்டாகக் கேட்டார்கள் என்றதும் நான் மகிழ்ந்தேன். நம் ஊரில் பத்து மாதம் கேட்கிறார்களே. ஆனால் அந்தப் பணம் அந்த அம்மாவின் கைக்கே போகாது என்று நீ சொன்னபோதுதான் எனக்குப் புரியவில்லை. உன் பணத்தை பேங்க் முடக்கி வைத்துக்கொள்ளுமாம். இந்தப் பையன் வாடகை தராவிட்டால் நாங்கள் தருகிறோம் என்று பேங்க் அந்த அம்மாவுக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுக்குமாம். நான் இதைக் கீழே போய்ச் சொன்னேன். சரோஜம்மா தறியை நிறுத்தாமலேயே, "அது ஜாமீன்தானேப்பா. புதுசா வர்ற ஆளுக்கு மொதலாளி சும்மாவா பட்டும் ஜரிகையும் தூக்கிக் குடுக்கறான்? தெரிஞ்சவன் ஒருத்தன் வந்து நான் ஆச்சுன்னு சொன்னாதான குடுப்பான். அங்க பேங்கு வந்து சொல்லுது" என்றார். தெரிந்தவன் யாருமே இல்லாத ஊரில் என் பிள்ளைக்கு ஒரு பேங்க் வந்து நான் ஆச்சு என்று சொன்னதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த பேங்க் அதற்குக் கட்டணம் வாங்கியது என்று நீ சொன்னாய். வாங்கட்டும். நான் கமிஷன் வாங்கவில்லையா?

மெர்சியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள நீ பெரிய வீடு தேட ஆரம்பித்தது போன வருஷம். எத்தனையோ வீட்டுக்கு எழுதிப் போட்டாய். பல பேர் பதிலே போடவில்லை. உன் பேரைப் பார்த்துவிட்டுத்தான் போடவில்லை என்று உன்கூட வேலை செய்கிற பிள்ளைகள் சொன்னார்களாம். இருக்கும். எந்த ஊரிலும் மனுஷன் மனுஷன்தான். ஆனால் கடைசியில் ஒரு வீடு அமைந்து, அவர்கள் அனுப்பிய படிவத்தை நீ போனில் எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினாயே, அந்த மத்தியானத்தை நான் மறக்கமாட்டேன். என்ன வேலை என்று கேட்டிருந்தார்கள். சம்பளச் சீட்டு கேட்டிருந்தார்கள். எத்தனை பேர் குடியிருப்பீர்கள், சிகரெட் பிடிப்பீர்களா, ஏதாவது வாத்தியம் வாசிப்பீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"முடிஞ்சுது நைனா."

"வேற ஒண்ணியும் கேக்கலியா? நல்லா பாரு. பின்பக்கம் திருப்பிப் பாரு."

"நாய் இருக்குதான்னு கேட்டிருக்காங்க. இல்லன்னு போட்டுட்டேன்."

நான் போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். நாய் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள் என் பிள்ளையை. அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். உன் அம்மா வந்து, "இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். புது வீட்டுக்கு டெபாசிட் வேண்டும். பழைய அறையின் டெபாசிட்டோ நீ காலி பண்ணி மாதக்கணக்கான பிறகுதான் கைக்கு வரும். டிக்கெட்டுக்கு வேறு பணம் போய்விட்டது. என்ன பண்ணுவது என்று நீ என்னிடம் கேட்டாய். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெர்மனியில் இருக்கிற பிள்ளை காஞ்சிபுரத்து புரோக்கரிடம் யோசனை கேட்கிறான்! நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசினேன்.

"கடைசி ரெண்டு மாசம் வாடகை குடுக்காத. அட்வான்ஸ்ல கழிச்சிக்கட்டும். உன் காசுதான அங்க முடங்கிக் கெடக்குது?"

"இங்க அப்டி பண்ணலாமான்னு தெரியல நைனா. கேட்டுட்டு சொல்லட்டா?"

"நீயா போய்க் கேக்காத. கேட்டா எவன் ஒத்துக்குவான்? வாயத் தொறக்காம இரு. அவங்களுக்கே புரியும். ஊர் ஒலகத்துல எல்லாம் இப்டித்தான்பா."

ஊர் உலகம் என்று நான் சொன்னது பஸ் ஸ்டாண்டுக்கும் ஓரிக்கைக்கும் நடுவில் இருப்பது. நீ என்னை நம்பினாய். இரண்டு மாதம் வாடகை போடவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அங்கே அட்வான்ஸில் கழிக்கும் வழக்கமே கிடையாதாம். டெபாசிட் என்பது வீட்டுக்கு ஏற்படும் சேதத்துக்கும் பாக்கிக்கும் காவல். குடியிருக்கும்வரை அதைத் தொடக்கூடாதாம். அந்த அம்மா பேங்குக்கு எழுதிவிட்டார், இந்தப் பையன் வாடகை தரவில்லை, நீங்கள் ஜாமீன் கொடுத்திருக்கிறீர்கள், தாருங்கள் என்று. பேங்க் உனக்கு எழுதியது, இந்த விவகாரம் தீரும்வரை புது வீட்டுக்கு நாங்கள் ஜாமீன் தரமாட்டோம் என்று. புது வீட்டுக்காரரோ இரண்டு காகிதம் கேட்டார். ஒன்று பேங்க் ஜாமீன். இன்னொன்று, இவரிடம் வாடகை பாக்கி இல்லை என்று பழைய வீட்டுக்காரரே எழுதித் தரும் காகிதம். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்கு. டிக்கெட் போட்டாயிற்று, ஜெனி அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். போய் இறங்க வீடு இல்லை.

இதில் ஒன்றைக்கூட நீ எனக்குச் சொல்லவில்லை. மெர்சி சமையலறையில் கண் சிவக்க நின்றதைப் பார்த்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. "மாமா மனசு ஒடஞ்சிடும், சொல்லாதன்னு சொன்னாரு" என்றாள். மகனே, இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். "உன்னாலதான் நைனா" என்று நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல உனக்கு உரிமை இருந்தது. அம்மாவிடம்கூட நீ சொல்லவில்லை. அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. உன் அம்மாவுக்கு அந்தப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது. "ஊருக்கெல்லாம் வீடு பாத்துக் குடுக்கறாராம், பெத்த புள்ளைக்கு இருந்த வீட்டையும் புடுங்கிட்டாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, சோறும் போட்டாள். நான் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் நான்தான் உன்னிடம் சொன்னேன், அந்த அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்று. நீ வேண்டாம் என்றாய். நான் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு, மெர்சியின் போன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இங்கே மத்தியானம், அங்கே காலை. அந்த அம்மாவின் முகம் திரையில் வந்தது. வெள்ளை முடி, கண்ணாடி, சிரிப்பே இல்லை. பின்னால் அடுப்பங்கரை பளிச்சென்று இருந்தது. நான் கும்பிட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். நான் பேசப் பேச, அவர் பக்கத்தில் நின்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய்.

"அம்மா, தப்பு என்னுது. பையனுது இல்ல. நான் வீட்டு புரோக்கர். எங்க ஊர்ல கடைசி மாசத்து வாடகைய அட்வான்ஸ்லதான் கழிப்போம். நான்தான் அப்டி சொன்னேன்."

அவர் ஏதோ கேட்டார். நீ தயங்கினாய். "அப்போ வீட்ல ஏதாவது ஒடஞ்சிருந்தா, அதுக்குக் காசு எங்கேந்து வரும்னு கேக்கறாங்க நைனா."

"வராதும்மா. அதுக்கு நாங்க சண்ட போட்டுக்குவோம்" என்றேன்.

நீ அதை அப்படியே சொன்னாயா, மாற்றிச் சொன்னாயா தெரியாது. அந்த அம்மாவின் உதடு லேசாக அசைந்தது. ஆனாலும் முகம் இளகவில்லை. ஒண்ணாம் தேதி தவறாமல் வாடகை கொடுத்த பையன், இரண்டு மாதம் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பணத்துக்காக இல்லை, பேசாததால்தான் பேங்குக்கு எழுதினேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பேசாமை நான் சொல்லிக் கொடுத்தது. அப்போது அவர் கையை உயர்த்தி, அது என்ன சத்தம் என்று கேட்டார்.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, கீழே சரோஜம்மாவின் தறி. மெர்சி போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்க் காட்டினாள். சரோஜம்மா கையை நிறுத்தாமல் போனைப் பார்த்து, "யாரு, இவங்களா? வணக்கம்மா" என்றார். தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதை அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன் என்று நீ அவரிடம் சொன்னாய். அப்போதுதான் அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். என்னவென்றால், இரண்டு குளிர்காலமாக அவருக்கு ஒரு சந்தேகமாம். வெளியே பனி கொட்டுகிறது, இந்தப் பையன் அறையில் மட்டும் ஃபேன் ஓடுகிறது. இந்தியாக்காரர்களுக்குக் குளிரவே குளிராதா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தாராம். நிசப்தத்தில் தூக்கம் வராமல் சத்தத்துக்காக நீ ஃபேன் போட்டுக்கொண்டாய் என்று எங்களுக்கும் அன்றுதான் தெரியும். உன் அம்மா எட்டிப் பார்த்து, "புள்ளைக்குச் சளி புடிச்சிருக்குமே" என்றாள். நீ அதையும் சொல்லிவிட்டாய் போலிருக்கிறது. அந்த அம்மா, "ஆமாம், பிடித்தது, நான்தான் சூப் கொடுத்தேன்" என்றாராம்.

பாக்கி வாடகையை இந்த வாரத்துக்குள் கொடுத்துவிடட்டும், பேங்குக்கு எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பாக்கி இல்லை என்று என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றார். நான் மறுபடி கும்பிட்டேன். இந்தத் தடவை அவரும் கையைச் சேர்த்தார், கொஞ்சம் கோணலாக.

அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்று நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது சரோஜம்மா படியேறி வந்தார். எல்லாவற்றையும் கீழேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "உன் அட்வான்ஸ் என்கிட்ட இருக்குதே, அத எடுத்து அனுப்பு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் வாடகை ஏற ஏற அட்வான்ஸும் ஏறி, அது கணிசமான பணமாகத்தான் இருந்தது. ஆனால் குடியிருக்கும்போதே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்காரரை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை.

"அது நாங்க காலி பண்ணா குடுக்கறதாச்சேம்மா?"

"நீ காலி பண்ணப் போறியா?"

"இல்லம்மா."

"அப்ப அது எதுக்கு என்கிட்ட?"

அவ்வளவுதான் பேச்சு. தான் கட்டிவந்த ஏலச்சீட்டை எடுத்து மறுநாளே பணத்தைக் கொடுத்தார். கொஞ்சம் குறைந்ததை நான் போட்டேன். நீ பணம் கட்டியதும் அந்த அம்மா சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். பேங்க் புது ஜாமீன் கொடுத்தது. புது வீட்டுச் சாவியை நீ போனில் ஆட்டிக் காட்டியபோது ஜெனி குதித்த குதியில், கீழே தறியை நிறுத்திவிட்டு சரோஜம்மா ஓடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லச் சொல்லி உன் அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். ஆண்டவருக்கு நன்றி, பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்த ஜெர்மன் அம்மாவுக்கும் நன்றி, எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கும் நன்றி, என் பேச்சைக் கேட்டும் கெட்டுப்போகாத என் பிள்ளைக்கும் நன்றி என்றேன். பாஸ்டரே சிரித்துவிட்டார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. நாளை மறுநாள் இந்தக் கூடம் காலியாகிவிடும். ஜெனியின் செருப்பு வாசலில் இருக்காது. எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறார்கள், போய் இறங்க ஒரு வீடு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம் அதைவிடப் பெரிது. ஜெனியும் உன்னைப் போலத்தான், தறிச் சத்தம் இல்லாமல் தூங்கமாட்டாள். மெர்சி போனில் பதிவு பண்ணி வைத்திருக்கிறாள். முதல் சில நாள் அதைப் போட்டுவிடு, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடு. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்பதை நான் இந்த வயசில் கற்றுக்கொண்டேன், நீ இப்போதே கற்றுக்கொள். மிளகாய்த்தூளில் ஒரு பொட்டலம் உன் பழைய வீட்டுக்கார அம்மாவுக்கு. காரம் அதிகம் என்பதையும் சொல்லிக் கொடு.

சரோஜம்மா எடுத்துக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி அனுப்புகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். நான் அவரிடம் கேட்டுப் பார்த்தேன். "மறுபடி ஆரம்பிக்காத" என்று சொல்லிவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார். ஆக, இந்த ஊரில் அட்வான்ஸ் இல்லாமல் குடியிருக்கிற ஒரே குடித்தனம் இன்றைக்கு நாம்தான். அந்தப் பணத்தை நீ இங்கே அனுப்பாதே. அங்கேயே ஒரு ஓரமாகப் போட்டு வை. உன் ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று வேலைக்கு வரும். தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள், பேங்க் இழுத்தடிக்கும், ஜாமீனுக்கு ஆள் கேட்பார்கள். அப்போது நீ போய் நான் ஆச்சு என்று சொல். வேலை நிரந்தரமா, வாடகை ஒழுங்காகக் கட்டுவாயா என்று நன்றாக விசாரித்துவிட்டே கையெழுத்துப் போடு. ஜாமீன் என்பது விளையாட்டில்லை. கடைசி மாத வாடகையைக் கழித்துக்கொள்ளாதே என்று முதலிலேயே சொல்லிவிடு, என் பேரைச் சொல்லியே சொல்லு.

"இன்னா ஆளுங்க" என்று மட்டும் கேட்காதே. ஏதாவது ஒன்று கேட்டே ஆக வேண்டும் போலிருந்தால், நாய் இருக்கிறதா என்று கேள்.

உன் நைனா